ஒதுக்கிய குழந்தைகளைத் தேடிச் சென்ற டாக்டர் லாங்டன் டவுன்

செகந்திராபாத்தில் போயின்பள்ளிக்குப் பக்கத்தில் மனோவிகாஸ் நகர் இருக்கிறது. மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 1984-ஆம் ஆண்டில் அங்கேதான் அமைத்தது. அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் என்ற பொருளில் இப்போது அதன் பெயர் மாறியிருக்கிறது. காலை நேரத்தில் அங்கே தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், கையைப் பிடித்து நடத்திக்கொண்டும் வருகிறார்கள். ஒரு தாய் தெலுங்கு பேசுவார். ஒருவர் உருது பேசுவார். இன்னொருவர் தமிழ் பேசுவார். ஆனால் அவர்களுடைய குழந்தைகளில் சிலரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால், ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளைப் போலவே இருப்பார்கள். சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்கு, சிறிய காதுகள், குட்டையான கழுத்து, பார்த்தவுடன் சிரிக்கும் முகம்.

முன்பின் தெரியாத பெற்றோர்களுக்குப் பிறந்த குழந்தைகள் இப்படி ஒரே சாயலில் இருப்பதை 1866-ஆம் ஆண்டில் தெளிவாக எழுதி வைத்தவர் ஓர் ஆங்கில டாக்டர். டவுன் சிண்ட்ரோம் என்று இன்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவது அவருடைய பெயரைத்தான். ஆங்கிலத்தில் டவுன் என்றால் கீழே என்று பொருள் இருப்பதால், தம் குழந்தையைக் கீழானது என்று சொல்லி விட்டார்களோ என்று கலங்கிப்போகும் பெற்றோர் உண்டு. அப்படி ஒன்றுமில்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர், அவ்வளவுதான். அந்த மனிதரின் வாழ்க்கை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மருந்துக் கடைப் பையன்

ஜான் லாங்டன் டவுன் 1828-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த டார்பாயிண்ட் என்ற ஊரில் பிறந்தார். ஆற்றின் மறுகரையில் பெரிய கடற்படைத் துறைமுகம். இக்கரையில் சிறிய ஊர். அந்த ஊரில் அவருடைய தந்தை கடை வைத்திருந்தார். மருந்தும் விற்பார், மளிகையும் விற்பார். பெரிய குடும்பம். ஜான்தான் கடைக்குட்டி.

படிப்பில் கெட்டிக்காரப் பையனாக இருந்தும் பதினான்கு வயதாவதற்குள்ளேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் நிற்க வேண்டி வந்தது. பொட்டலம் கட்டுவது, மருந்து இடிப்பது, கணக்கு எழுதுவது என்று அவருடைய இளமை கழிந்தது. குடும்பக் கஷ்டத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகளைப் போல அவரும் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வயதில் நடந்த ஒரு சிறு சம்பவம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. குடும்பத்தாரோடு வெளியூர் சென்றிருந்தபோது கடும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடிசையில் ஒதுங்கினார்கள். வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தவள் அந்த வீட்டுப் பெண். அவள் அறிவு வளர்ச்சி குன்றியவள். மற்றவர்கள் மழை விட்டதும் எழுந்து போய்விட்டார்கள். ஜான் மட்டும் அவளை மறக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு எதுவுமே செய்ய முடியாதா என்ற கேள்வி அவரைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தது. தம் வாழ்க்கைப் பாதையைத் திருப்பியது அந்த மழைநாள்தான் என்று பிற்காலத்தில் அவரே நினைவு கூர்ந்தார்.

லண்டனில் பட்ட பாடு

அதன் பிறகு பிழைப்பைத் தேடி லண்டனுக்குச் சென்றார். ஒயிட்சாப்பல் சாலையில் ஒரு அறுவை வைத்தியரிடம் வேலை கிடைத்தது. மருந்துப் புட்டிகளைக் கழுவுவதும், பல் பிடுங்குவதும், அந்தக் கால வழக்கப்படி நோயாளிக்கு இரத்தம் எடுத்துவிடுவதும் அவருடைய வேலை. பிறகு மருந்தாளர் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இரசாயனம் கற்றார். மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடேக்கும் கொஞ்ச காலம் உதவியாக இருந்தார்.

உடல்நலம் கெட்டது. ஊருக்குத் திரும்பி மறுபடியும் கடையில் நின்றார். 1853-இல் தந்தை காலமானார். இனி டாக்டருக்குப் படிப்பது என்று அதே ஆண்டில் முடிவு செய்து, லண்டன் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் பலர் அவரைவிட வயதில் இளையவர்கள். ஆனால் தங்கப் பதக்கங்களை வாங்கிக்கொண்டு போனவர் இந்தப் பழைய மருந்துக் கடைப் பையன்தான். 1856-இல் மருத்துவத் தகுதி பெற்றார்.

அவ்வளவு திறமை உள்ளவர் லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் அமர்ந்து பேரும் பணமும் சம்பாதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் செய்தது வேறு. 1858-ஆம் ஆண்டில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்காக நடந்து வந்த எர்ல்ஸ்வுட் இல்லத்துக்கு மருத்துவக் கண்காணிப்பாளராகப் போனார். படித்தவர்கள் யாரும் விரும்பாத உத்தியோகம் அது. நண்பர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

எர்ல்ஸ்வுட்டில் கண்ட காட்சி

எர்ல்ஸ்வுட் இல்லம் லண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் 1855-இல் திறக்கப்பட்டது. கட்டிடம் அரண்மனை மாதிரி பெரியது. ஆனால் மூடர்களுக்கான புகலிடம் என்பதுதான் அதன் பெயரின் பொருள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் டாக்டர்களும் சட்டமும் அப்படித்தான் அழைத்தார்கள். உள்ளே நிலைமையும் நன்றாக இல்லை. அரசாங்க அதிகாரிகள் வந்து பார்த்துக் குறை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

புதிய டாக்டர் முதலில் அடி உதையை நிறுத்தினார். பிறகு சோற்றைக் கவனித்தார். படுக்கையைக் கவனித்தார். குளிக்க வைக்கவும், சுத்தமான துணி உடுத்த வைக்கவும் ஏற்பாடு செய்தார். கையால் அள்ளித் தின்னும்படி விடப்பட்டிருந்தவர்களுக்கு மேஜையில் உட்கார்ந்து கத்தி, முள்கரண்டி வைத்துச் சாப்பிடக் கற்றுக் கொடுத்தார். அந்நாட்டில் அதுதான் மரியாதையான மனிதர்கள் சாப்பிடும் முறை. பொத்தான் போடவும், பணத்தை எண்ணவும், கடையில் சாமான் வாங்கவும் பழக்கினார். தோட்ட வேலை, தச்சு வேலை, துணி தைப்பது என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் கைக்கு வரும் வேலை கொடுக்கப்பட்டது.

1860-இல் அவர் மேரி கிரெலின் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மையாரும் இல்லத்திலேயே தங்கி உழைத்தார். இல்லத்தின் செலவுக் கணக்கில் அவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வேலையில் பாதிப் பாரம் அவருடைய தோளில் இருந்தது.

போட்டோக் கலை அப்போதுதான் பரவி வந்தது. டாக்டர் டவுன் ஒரு கேமரா வாங்கி, இல்லத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் எடுத்தார். 200-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் இருப்பவர்கள் நல்ல உடை உடுத்தித் தலை வாரிக்கொண்டு, கண்ணியமாக அமர்ந்திருக்கிறார்கள். பணக்காரக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளும் படத்துக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் விருந்தாளி வந்தால் பின்கட்டில் ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் படங்களின் அருமை விளங்கும்.

அதே இல்லத்தில் ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. காது சரியாகக் கேட்காது, பேச்சும் சரியாக வராது. அவருடைய கை மட்டும் அபாரமான கை. மரத்தைச் செதுக்கி, பெரிய நீராவிக் கப்பல் ஒன்றின் மாதிரியை ஏழு ஆண்டு பாடுபட்டுச் செய்து முடித்தார். பார்த்தவர்கள் வியந்து போனார்கள். ஒரு திறமை இல்லை என்பதால் எந்தத் திறமையும் இல்லை என்று தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்குப் புல்லன் கண்கண்ட சாட்சியாக இருந்தார்.

சரியாகப் பார்த்ததும் தவறாகப் பெயர் வைத்ததும்

இல்லத்தில் இருந்தவர்களின் தலை அளவு, முகம், தோல், நாக்கு, பேச்சு ஆகியவற்றையெல்லாம் டாக்டர் டவுன் அளந்தும் குறித்தும் வந்தார். அப்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் ஒரே சாயலில் இருந்தார்கள். இதைப் பற்றி 1866-ஆம் ஆண்டு லண்டன் ஆஸ்பத்திரி அறிக்கையில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பிரெஞ்சு நாட்டில் டாக்டர் செகன் போன்றோர் முன்பே கவனித்திருந்தாலும், இது தனியான ஒரு வகை என்று அடையாளங்களுடன் பிரித்துக் காட்டியவர் டவுன்தான்.

உடல் அடையாளங்களோடு அவர் நிறுத்தவில்லை. இந்தக் குழந்தைகள் மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுவார்கள் என்றும், வேடிக்கை உணர்ச்சி மிகுந்தவர்கள் என்றும், நாக்குக்குப் பயிற்சி கொடுத்தால் பேச்சு தெளியும் என்றும், கைவேலை நன்றாகக் கற்பார்கள் என்றும் எழுதினார். கோடையில் கலகலப்பாகக் கற்றவர்கள் குளிர் காலத்தில் சோர்ந்து போவதையும் குறித்து வைத்தார். கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

ஆனால் அதே கட்டுரையில் ஒரு பெரிய பிழையும் இருந்தது. உலக மக்களை மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு ஐந்து இனங்களாகப் பிரிக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. டாக்டர் டவுன் அதைப் பின்பற்றி, இந்தக் குழந்தைகளின் கண்ணமைப்பைப் பார்த்து மங்கோலிய இனத்தாரின் சாயல் என்று பெயர் வைத்துவிட்டார். பெற்றோருக்கு இருந்த காச நோயே காரணம் என்றும் கருதினார். இரண்டுமே தவறு.

அவர் இந்த எண்ணத்துக்கு வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அடிமை முறையை ஒட்டிய உள்நாட்டுப் போர் 1865-இல்தான் முடிந்திருந்தது. கறுப்பர்கள் வேறொரு பிறவி, வெள்ளையரோடு சேர்ந்த மனித குலமே அல்ல என்று படித்தவர்களே வாதாடி வந்தார்கள். டாக்டர் டவுன் அதை ஏற்கவில்லை. ஒரு நோயின் காரணத்தால் ஆங்கிலத் தாய் தந்தைக்கே வேறு இனத்துச் சாயலில் பிள்ளை பிறக்கிறது என்றால், இனங்களுக்கு நடுவே கடக்க முடியாத சுவர் ஏதும் இல்லை, மனித குலம் ஒன்றே என்று அவர் வாதம் செய்தார். எண்ணம் நல்லது. ஆதாரம் தவறு. அவர் வைத்த பெயர் நூறு ஆண்டு நிலைத்து, இந்தக் குழந்தைகளையும் ஒரு தேசத்து மக்களையும் சேர்த்து அவமதிக்கும் வசைச் சொல்லாகிவிட்டது.

சொந்தமாக ஓர் இல்லம்

1867-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. எர்ல்ஸ்வுட்டில் இருந்தவர்கள் செய்த கைவேலைப் பொருள்களை டாக்டர் டவுன் அங்கே காட்சிக்கு வைக்கச் செய்தார். அதற்கு ஆன செலவைத் தர இல்லத்தின் நிர்வாகக் குழு மறுத்தது. ஏற்கெனவே இருந்த மனக்கசப்பு முற்றியது. 1868-இல் வேலையை ராஜினாமா செய்தார்.

கையில் இருந்த சேமிப்பையும் கடனாகக் கிடைத்ததையும் போட்டு, லண்டனை அடுத்த ஹாம்ப்டன் விக் என்ற இடத்தில் ஒரு பங்களாவை வாங்கினார். உதவி செய்த வழக்கறிஞர் நண்பரின் பெயரைச் சேர்த்து அதற்கு நார்மன்ஸ்ஃபீல்ட் என்று பெயரிட்டார். இருபது பேருக்கும் குறைவானவர்களுடன் தொடங்கிய அந்த இல்லம், அவருடைய காலத்திலேயே நூற்றைம்பது பேருக்கு மேல் தங்கும் இடமாக வளர்ந்தது. வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கு இருந்தனர். கட்டணம் உண்டு. ஏழைக் குழந்தைக்கு அந்த வாசல் எளிதில் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே பண்ணை இருந்தது. தோட்டம், தச்சுப் பட்டறை, சலவைக்கூடம் எல்லாம் இருந்தன. 1879-இல் ஒரு நாடகக் கொட்டகையும் கட்டினார். பார்த்து நடிப்பதில் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசையை அவர்தான் முதலில் எழுதினார் அல்லவா? சிப்பந்திகளை வேலைக்கு எடுக்கும்போதுகூடப் பாட்டு வருமா, வாத்தியம் வருமா, நடிக்க வருமா என்று பார்த்து எடுத்தார்கள். அந்தக் கொட்டகை இன்னும் அழியாமல் நிற்கிறது.

பெண்கள் மேல்படிப்புப் படித்தால் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளை மழுங்கிவிடும் என்று அக்காலத்தில் சிலர் பிரசாரம் செய்தார்கள். டாக்டர் டவுன் அதை மறுத்தார். பெண்கள் படிக்க வேண்டும் என்றே வாதாடினார்.

1896-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, காலைச் சிற்றுண்டி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 67. நான்கு ஆண்டுகளில் மேரி அம்மையாரும் காலமானார். டாக்டருக்குப் படித்த ரெஜினால்ட், பெர்சிவல் என்ற இரு மகன்கள் இல்லத்தை ஏற்று நடத்தினார்கள்.

சொந்த வீட்டில் பிறந்த பிள்ளை

1905-ஆம் ஆண்டு. மூத்தவரான ரெஜினால்டுக்கு ஒரு மகன் பிறந்தான். பாட்டனாரின் நினைவாக ஜான் என்று பெயர் வைத்தார்கள். பாட்டனார் எந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதினாரோ, அதே டவுன் சிண்ட்ரோமோடு அந்தப் பேரன் பிறந்திருந்தான்.

இந்தக் குழந்தைகளை எவ்வளவோ அறிந்த குடும்பம் அது. ஆனால் சொந்த வீட்டில் வந்தபோது எல்லாப் பெற்றோரையும் போலத்தான் அவர்களும் கலங்கியிருப்பார்கள். ஜான் நார்மன்ஸ்ஃபீல்டிலேயே வளர்ந்தார், அனைவருக்கும் பிரியமானவராக வாழ்ந்தார். 1970-இல் 65 வயதில் காலமானார். இந்தக் குழந்தைகள் பத்து வயதைத் தாண்டுவதே அரிது என்று டாக்டர்கள் சொல்லி வந்த காலத்தில் பிறந்தவர் அவர். நல்ல உணவும் கவனிப்பும் அன்பும் ஓர் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பதற்கு அந்த வீட்டிலேயே அத்தாட்சி கிடைத்தது.

ரெஜினால்டும் கூர்ந்து கவனிப்பவர். இந்தக் குழந்தைகள் பலருக்கு உள்ளங்கையில் இரண்டு ரேகைகள் ஓட வேண்டிய இடத்தில் ஒரே ரேகை குறுக்கே ஓடுவதைக் குறிப்பிட்டவர் அவர். தந்தை சொன்ன இன ஒப்புமை வெறும் மேல்தோற்றம்தான் என்று எடுத்துச் சொல்லவும் அவர் தயங்கவில்லை.

குற்றம் யாருடையது?

உண்மைக் காரணம் தெரிய 1959-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் நகரில் டாக்டர்கள் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகிய மூவரின் ஆராய்ச்சியில் அது வெளிப்பட்டது. மனித உடலின் ஒவ்வோர் அணுவறையிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் உண்டு. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆவது ஜோடியில் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கின்றன. மொத்தம் 47. கரு உருவாகும்போதே ஏற்படும் பங்கீட்டுப் பிசகு இது.

நம் வீடுகளில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதலில் பழி விழுவது தாயின் மேல்தான். கிரகணத்தன்று வெளியே போனாள், இன்னதைத் தின்றாள், குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றில் எதுவும் காரணம் இல்லை. தாயின் வயது ஏற ஏற இப்பிசகு நேரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மை. 35 வயதில் சுமார் 350 பிரசவத்துக்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று என்று கணக்கு. ஆனால் இளம் வயதுத் தாய்மாருக்குப் பிரசவங்கள் அதிகம் என்பதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். நூற்றில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொன்றில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அது சிலருக்குப் பெற்றோர் வழியாக வரலாம். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

காரணம் வெளிப்பட்டதும் பழைய பெயரை மாற்ற வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1961-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் டாக்டர் டவுனின் பேரன் டாக்டர் நார்மனும் ஒருவர். பாட்டனார் வைத்த பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்களில் பேரனும் இருந்தார். 1965-இல் மங்கோலிய நாட்டின் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் உலக சுகாதார நிறுவனமும் அந்தச் சொல்லைக் கைவிட்டது. அதன் இடத்தில் டாக்டர் டவுனின் பெயர் நின்றது.

இன்று நாம் செய்யக் கூடியது

இது மருந்தால் மாறும் வியாதி அல்ல. மாற்றித் தருகிறேன் என்று பணம் பறிப்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஆனால் கூடவே வரும் தொல்லைகளுக்கு வைத்தியம் உண்டு. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு இருதயத்தில் கோளாறு இருக்கும். பிறந்தவுடன் அதைப் பரிசோதிக்க வேண்டும். தைராய்டு, காது, கண் ஆகியவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியபின் மறதி நோய் மற்றவர்களைவிட முன்னதாக வரக்கூடும். இருதய அறுவைச் சிகிச்சையும் நல்ல மருந்துகளும் வந்த பிறகு, வசதியுள்ள நாடுகளில் இவர்களுடைய சராசரி ஆயுள் 60 ஆண்டை எட்டியிருக்கிறது.

குழந்தை தாமதமாக உட்காரும், தாமதமாக நடக்கும், தாமதமாகப் பேசும். ஆனால் செய்யும். முதல் மாதங்களிலேயே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம். ஸ்பெயின் நாட்டு பாப்லோ பினேடா இதே நிலையில் பிறந்து பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். சினிமாவில் நடித்து 2009-இல் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசும் வாங்கினார். எல்லோரும் அவரைப் போல ஆக மாட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும்தான் கலெக்டர் ஆவதில்லை. தன் துணியைத் தானே உடுத்தி, தன் சட்டியைத் தானே கழுவி, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வந்தால் அதுவே ஒரு வீட்டுக்குப் பெரிய சம்பத்து.

பிழைப்புக்காக ஹைதராபாத்துக்கு வந்த குடும்பங்களுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. இங்கே பாட்டி இல்லை, அத்தை இல்லை. இருவரும் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் இப்படிப்பட்ட பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு, மாதம் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் காலத்துக்குப் பிறகு யார் என்ற கேள்வி நிற்கிறது. பயிற்சி கிடைக்கும் வயதும் ஊரில் கழிந்துவிடுகிறது. அகில இந்தியாவுக்கும் தலைமையான நிறுவனமோ இங்கே பஸ் ஏறிப் போகும் தூரத்தில் மனோவிகாஸ் நகரில் இருக்கிறது.

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பயிற்சியில் இந்தி என்றால் குழந்தை குழம்பிப்போகும் என்று பயப்படுவோரும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெடுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தாய் தமிழிலேயே கொஞ்சட்டும், தமிழிலேயே கதை சொல்லட்டும்.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குப் பிறகும் பிள்ளைக்குச் சட்டப்பூர்வமான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. ரயிலில் ஊருக்குப் போக, உரிய சான்றிதழ் இருந்தால் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை. மத்திய அரசு ஊழியராகவோ ரயில்வே ஊழியராகவோ இருந்தால், தாமாகச் சம்பாதிக்க இயலாத இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் அலுவலக ஏட்டில் பதிந்து வைத்துவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

நார்மன்ஸ்ஃபீல்ட் இல்லம் 1997-இல் மூடப்பட்டது. ஊரை விட்டு ஒதுக்கிப் பெரிய கட்டிடத்தில் வைப்பதைவிட, வீட்டிலும் ஊரிலும் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வதே இவர்களுக்கு நல்லது என்று அந்த நாடு முடிவு செய்துவிட்டது. அந்த இடத்தில் இன்று டவுன் சிண்ட்ரோம் சங்கத்தின் அலுவலகமும் ஒரு சிறு காட்சிசாலையும் உள்ளன.

21-ஆவது ஜோடியில் மூன்று என்பதை நினைவூட்ட, மூன்றாம் மாதம் 21-ஆம் தேதியை டவுன் சிண்ட்ரோம் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2012 முதல் அனுசரித்து வருகிறது. டாக்டர் டவுன் வைத்த பெயரும், சொன்ன காரணமும் பொய்த்துப் போயின. அவர் அந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டது பொய்க்கவில்லை. அடுத்த முறை விருந்தாளி வரும்போது, நம் வீட்டுப் பிள்ளையையும் கூடத்தில் நம்மோடு உட்கார வைப்போம்.